ஒரு வசனமும் இரு மொழிகளும்

விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் யோவான் எழுதிய முதலாம் நிருபம் என்று ஒரு சிறு கடிதம் உண்டு. அதன் ஐந்தாம் அதிகாரத்து ஏழாம் வசனத்தைப் பழைய தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள். பரலோகத்தில் சான்று பகர்வோர் மூவர் என்றும், அவர்கள் தந்தை, வார்த்தை, தூய ஆவி என்றும், அம்மூவரும் ஒன்றே என்றும் பொருள்படும் வசனம் அங்கே இருக்கும். அதே எண்ணுள்ள வசனத்தை வழக்கிலுள்ள தெலுங்கு வேதாகமத்தில் பாருங்கள். பரலோகச் சாட்சிகள் மூவரும் அங்கே இல்லை. ஆவியைப் பற்றிய ஒரு வாக்கியம் இருக்கும். அடுத்த வசனத்தில் ஆவி, நீர், இரத்தம் என்னும் மூன்று சாட்சிகள் வருவர். இரண்டு நூல்களும் இந்திய வேதாகமச் சங்கம் அச்சிட்டு விற்பவையே. விலை கொடுத்து வாங்கிய இரண்டு நூல்கள், ஒரே ஆலயத்தில், ஒரே விசுப்பலகையில், இவ்வாறு வேறுபட்டு இருக்கின்றன.

இதனால் என்ன வந்தது என்று கேட்பீர்கள். கார்வேட்டிநகரத்தில் வந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவ்வூரின் நிலையைச் சிறிது சொல்ல வேண்டும்.

கார்வேட்டிநகரம் சித்தூர் மாவட்டத்தில் புத்தூருக்கு அண்மையில் உள்ளது. தெற்கே சென்றால் பள்ளிப்பட்டு, அது தமிழ்நாடு. ஒரு காலத்தில் பெரிய ஜமீனின் தலைமையிடம். திருத்தணிகையும் அந்த ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1911-ஆம் ஆண்டு வரை இப்பகுதி வட ஆர்க்காட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. கார்வேட்டிநகரம் ஆந்திரத்தில் நின்றுவிட்டது. ஆகவே இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் உள்ளன. தமிழ்ப் பள்ளி அருமை. நான் ஞாயிறுதோறும் திருப்பதியிலிருந்து சென்று வழிபடும் சிறு சபையில் பாட்டிமார் தமிழ் எழுத்து அறிவர். தாய்மார் இரண்டும் தட்டுத் தடுமாறிப் படிப்பர். பிள்ளைகளோ தமிழில் பேசி, தமிழில் பாடி, தெலுங்கில் மட்டுமே படிப்பர். பாட்டு நோட்டிலே தமிழ்க் கீர்த்தனையைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்திருப்பதை நம் மன்றத்து நண்பர்கள் யாரேனும் கண்டால் வியப்படைவர். எனக்கு அது பழகிவிட்டது.

இந்தச் சபைக்குச் சென்ற லெந்து நாட்களில் கைப்பேசி வழியே ஒரு செய்தி வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயரில்லை. "புதிய வேதாகமங்களிலிருந்து திரித்துவத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள், சாத்தானின் சதி, பழைய தமிழ் வேதாகமம் ஒன்றே தூயது, மற்றவற்றை வீட்டில் வைக்காதீர்கள்" என்பது அதன் சாரம். சான்றாக நான் மேலே குறிப்பிட்ட வசனம் காட்டப்பட்டிருந்தது. பெரியவர் ஒருவர் இரண்டு நூல்களையும் விரித்து வைத்துப் பார்த்தார். செய்தியில் சொன்னபடியே இருந்தது! அடுத்த ஞாயிறன்று, பிள்ளைகள் ஆலயத்தில் தெலுங்கு வேதாகமம் வாசிக்கக் கூடாது என்று ஒரு பேச்சு எழுந்தது. தெலுங்குக் குடும்பங்கள் சில அச்சபையில் உண்டு. அவர்கள் முகம் வாடியது. அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது; தெலுங்கு நூலையும் பறித்துவிட்டால் அவர்கள் கையில் எந்த வேதாகமமும் இராது. மறையைக் காப்பதற்கென்று வந்த செய்தி, பிள்ளைகளின் கையிலிருந்து மறையையே பிடுங்கும் நிலை!

ஒரு பாட்டியம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ சயன்ஸ் படிக்கிற பிள்ளை. எங்க புஸ்தகத்துல கூட்டிட்டாங்களா, அவங்க புஸ்தகத்துல குறைச்சிட்டாங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார். போதகர் ஐயாவும், "பார்த்துச் சொல்லுங்க தம்பி, நானும் பார்க்கிறேன்" என்றார். நாங்கள் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு கருவிகள் இரண்டு அளவு காட்டினால் நாம் என்ன செய்கிறோம்? எந்தக் கருவி பழையது, எது நமக்குப் பிடித்தது என்றா பார்க்கிறோம்? ஒவ்வொன்றையும் எதனோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள் என்று பின்னோக்கிச் செல்கிறோம். வசனத்துக்கும் அதுவே வழி. தமிழும் தெலுங்கும் மொழிபெயர்ப்புகள், மூலம் கிரேக்கம். கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் பகுதிகளையோ முழுமையையோ தாங்கிய கையெழுத்துப் படிகள் ஐயாயிரத்துக்கு மேல் கிடைத்துள்ளன. பரலோகச் சாட்சிகளைக் கூறும் அடிகள் அவற்றுள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றிலேதான் இருக்கின்றன. அவையும் மிகப் பிற்காலத்தவை. சிலவற்றில் ஓரத்திலே பின்னொருவர் கையால் சேர்க்கப்பட்டவை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் இவ்வடிகள் இல்லை. இலத்தீன் மொழிப் படிகளில்தான் இவை வேரூன்றிப் பரவின.

பிறகு எப்படி அச்சு நூலுள் நுழைந்தன? இது சுவையான கதை. எராஸ்மஸ் என்னும் அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516-இல் அச்சிட்டு வெளியிட்டார். அதில் இவ்வடிகள் இல்லை. 1519-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் இல்லை. இலத்தீன் பாடத்திலே ஊறிய பலர் சீறி எழுந்தனர். திரித்துவத்தை வெட்டிவிட்டான் என்னும் கூக்குரல் அன்றே எழுந்தது. கார்வேட்டிநகரத்துக்கு வந்த செய்தி ஐந்நூறு ஆண்டுப் பழையது என்று அறிக! இவ்வடிகளைக் கொண்ட கிரேக்கப் படியொன்று அவருக்குக் காட்டப்பட்டது. அப்படி அதே பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் டிரினிட்டிக் கல்லூரியில் இருக்கிறது. 1522-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் எராஸ்மஸ் இவ்வடிகளைச் சேர்த்தார். அதன் வழிவந்த கிரேக்கப் பாடமே 1611-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் அடிப்படையாயிற்று. மார்ட்டின் லூத்தரோ தம் வாழ்நாளில் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இவ்வடிகளைச் சேர்க்கவில்லை. லூத்தரைச் சாத்தானின் கையாள் என்று எந்தப் புராட்டஸ்டண்டுக்காரர் கூறுவார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. டிஷண்டார்ஃப் என்பார் சினாய் மலையடிவாரத்துத் துறவி மடத்தில் 1844-இலும் 1859-இலும் பழைய படியின் பகுதிகளைக் கண்டறிந்தார். பழம்படிகள் பல ஒப்பிட்டு ஆராயப்பட்டன. 1881-இல் வந்த ஆங்கிலத் திருத்தப் புதிய ஏற்பாட்டிலிருந்து இவ்வடிகள் நீங்கின. இப்போது தமிழுக்கு வாருங்கள். இன்று நம் பாட்டிமார் கையிலிருக்கும் தமிழ் வேதாகமம் ஹென்றி பவர் தலைமையில் குழுவினர் செய்த ஐக்கியத் திருத்தம். முழு நூல் 1871-இல் வந்தது. அதாவது ஆங்கிலத் திருத்தத்துக்குப் பத்தாண்டு முற்பட்டது. அக்காலத்தில் வழங்கிய பாடத்தை அக்குழுவினர் நேர்மையாகவே பின்பற்றினர். தெலுங்கு நூலோ பழம்படிகளின் பாடத்தைப் பின்பற்றுகிறது. தெலுங்கில் யாரும் வெட்டவில்லை. தமிழில் யாரும் கள்ளத்தனமாய்ச் சேர்க்கவும் இல்லை. பாட்டியம்மாவின் இரண்டு வினாவுக்கும் விடை 'இல்லை' என்பதே.

நம் மன்றத்தாருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பாட வேறுபாடு என்றால் என்னவென்று தமிழ் மாணவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட எத்தனை ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவருக்கு முன்பே, 1868-இல், அக்காப்பியத்தின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே ஹென்றி பவர்தான். சமண காப்பியத்தை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவரக் கை கொடுத்தவரே கிறிஸ்தவ வேதத்தின் தமிழையும் திருத்தினார். ஏட்டுக்கு ஏடு வேறுபடும் என்பதை அறியாதவர் அல்லர் அவர்.

இனி, இந்தத் தமிழ் நூலை ஏன் நம்புகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பழையது என்பதாலா? சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706-இல். அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அங்கேயே அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டில் ரூத் வரையில் முடித்து 1719-இல் அவர் மறைந்தார்; எஞ்சியதை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். பின்னர்ச் சென்னை வேப்பேரியில் பெப்ரீஷியஸ் முற்றிலும் புதிதாகச் செய்தார். அவரது தமிழ் மக்கள் நாவிலே நிலைத்தது. பாளையங்கோட்டையில் ரேனியஸ் வேறு விதமாகத் திருத்தினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைச் செய்து 1850-இல் வெளியிட்டார். அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர்! கிறிஸ்தவத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதிய சைவப் பெருமகனார் விவிலியத் தமிழ்நடைக்குத் துணை செய்தார் என்றால், அங்கே சமயப் பற்று சான்றாகக் கொள்ளப்படவில்லை, புலமையே கொள்ளப்பட்டது என்று விளங்கும். ஆயினும் பெப்ரீஷியஸ் நடையில் பழகிய தமிழ்நாட்டுச் சபைகள் பல அதை ஏற்கவில்லை. பூசல் வளர்ந்தது. அதைத் தீர்க்கவே பல சங்கத்தாரும் கூடி ஐக்கியத் திருத்தம் செய்தனர். பின்னர் 1920-களிலும் 1930-களிலும் லார்சன் தலைமையில் இன்னொரு திருத்தம் எழுந்தது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் வந்தது. அதில் நம் வசனம் தெலுங்கைப் போலவே இருக்கிறது.

இவ்வரலாற்றில் நான் காண்பது ஒன்று. ஒவ்வொருவரும் தம் பெயரோடு வெளியிட்டனர். பிறர் குற்றம் கூறினர். குற்றம் கூறியதைக் கேட்டு அடுத்தவர் திருத்தினார். இரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்த சண்டையும் சமாதானமும் நம் கையிலிருக்கும் நூலுக்குப் பின்னால் நிற்கின்றன. கைப்பேசியில் வந்த செய்திக்குப் பின்னால் யார் நிற்கிறார்? அதில் தவறு இருந்தால் யாரிடம் சொல்வது? அதைத் திருத்திய இரண்டாம் பதிப்பு என்றேனும் வருமா?

அச்செய்தி எங்கள் சபையாரில் பலருக்குப் பல வழியாய் வந்தது. நகரியிலிருந்து ஒருவருக்கு, சென்னையிலிருந்து ஒருவருக்கு, வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகனிடமிருந்து ஒருவருக்கு. "இத்தனை பேர் சொல்லும்போது பொய்யாகுமா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தது. எழுத்துப் பிழை கூட ஒன்றே. அப்படியானால் சாட்சி எத்தனை பேர்? ஒருவர்தான். ஒரு படியைப் பார்த்து நூறு படிகள் எழுதினால் நூறு சான்று ஆகாது. படிகளை எண்ணாமல் அவற்றின் வழியை ஆராய வேண்டும் என்பது ஏடு ஒப்புநோக்குவோர் கைக்கொள்ளும் விதி. அதைக் கைப்பேசிக்குப் பொருத்தினேன், அண்ணன் சிரித்துவிட்டார். அதன் பிறகு சபையில் அந்தச் செய்தியின் வேகம் குறைந்தது என்றே சொல்வேன்.

திரித்துவக் கோட்பாட்டுக்கு இதனால் குறை வருமோ என்னும் அச்சமும் சிலருக்கு இருந்தது. அதைப் போதகர் ஐயா ஒரே பேச்சில் தீர்த்தார். நான்காம் நூற்றாண்டில் இக்கோட்பாட்டைக் குறித்துப் பெரும் வாதம் நடந்தபோது கிரேக்கத் திருச்சபையின் ஆசிரியர்கள் இவ்வடிகளை எடுத்துக் காட்டவேயில்லை. மத்தேயுவின் இறுதியில் வரும் ஞானஸ்நானக் கட்டளை முதலிய வேறு இடங்களைக் கொண்டே வாதிட்டனர். தூணாக இருந்திராத ஒன்றை எடுத்தால் கூரை விழாது என்றார். பாட்டியம்மாவுக்கு அது போதுமானதாயிருந்தது.

பாடம் பற்றிய ஐயம் இவ்வாறு தீர்ந்தது. ஆனால் சபைக்கு வருவன வெறும் பாடச் செய்திகள் மட்டுமல்ல. ஒலிப்பதிவுகள், காணொளிகள், நாள்தோறும் வரும் வாக்குத்தத்த அட்டைகள் இவற்றுக்கு முன் நூல் வெகு தொலைவில் நிற்கிறது. முற்காலத்தில் இந்நிலை இல்லை. டாக்டர் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்திலிருந்து 1836-இல் சென்னைக்கு வந்ததே தமிழில் அச்சிட்டுப் பரப்ப ஓர் அச்சகம் வேண்டுமென்பதற்காக. அவர் மைந்தர்கள் 1853-இல் அமைத்த ஆர்க்காட்டு மிஷன் இந்தச் சித்தூர்ப் பகுதியிலும் பரவியது. மதனப்பள்ளியில் பணிபுரிந்த ஜேக்கப் சேம்பர்லேன் 1863-இல் தெலுங்கு நாட்டினூடே கோதாவரிப் பகுதி வரையில் சுமார் 1,200 மைல் சுற்றி நூல்களை விற்றுக்கொண்டே சென்றார். தெலுங்கு வேதாகமத் திருத்தக் குழுவுக்கும் பல ஆண்டுகள் தலைவராயிருந்தார். அவர் விற்ற நூலில் ஐயம் இருந்தால் அவரையே நிறுத்திக் கேட்டிருக்கலாம். அவர் எதிரே நின்றார் அல்லவா?

இப்போது குரல் மட்டும் வருகிறது. அக்குரலும் உண்மைக் குரலா என்று உறுதியில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு புகழ்பெற்ற போதகர் ஒருவரின் குரலிலேயே அவர் பேசாததைப் பேசச் செய்யலாம்.

அட்டைகளை எடுத்துக்கொள்வோம். எரேமியாவின் இருபத்தொன்பதாம் அதிகாரத்துப் பதினொன்றாம் வசனம் மிகுதியாக வரும். கடவுள் உனக்கு நன்மையையும் எதிர்காலத்தையும் வைத்திருக்கிறார் என்னும் கருத்துள்ள வசனம் அது. பூக்களின் நடுவே, தேர்வுக் காலத்தில், வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் நமக்கும் வரும். அட்டையை அனுப்பியவர் பத்தாம் வசனத்தை அனுப்பியதேயில்லை. பாபிலோனில் எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்பே திரும்பி வருவீர்கள் என்கிறது அது. கடிதத்தைக் கேட்ட முதியோரில் பலர் அத்திரும்புதலைக் கண்ணால் காணமாட்டார்கள். அதற்கும் முன்னே, அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நகரின் நலத்தைத் தேடுங்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்த தமிழனாகிய எனக்கு அட்டையிலுள்ள வசனத்தைவிட அட்டையில் இல்லாத வசனங்களே நெருக்கமாயிருக்கின்றன. அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி சொல்கிறது. முன்னும் பின்னும் பத்து வசனம் படித்தால் போதும், அட்டையின் தரம் தெரிந்துவிடும். இதற்குக் கிரேக்கமும் வேண்டா, எபிரேயமும் வேண்டா.

ஒலிப்பதிவுகளில் நான் அஞ்சுவது நோயைப் பற்றியவற்றை. எங்கள் சபையில் நீரிழிவுள்ள ஒரு அம்மா, பெயர் தெரியாத ஒருவரின் ஒலிப்பதிவைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினார். விசுவாசம் உள்ளவர் மருந்து உண்பது அவிசுவாசம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. முடிவில் காணிக்கை அனுப்ப ஒரு குறியும் இருந்தது. காலில் புண் வைத்த பிறகே வீட்டார்க்குத் தெரிந்தது. நல்ல வேளையாகக் கால் தப்பியது. இந்த நிலத்தில் இப்படி ஒரு போதனை எடுபட்டதே என்பதுதான் எனக்குத் துயரம். ஏனெனில் இந்நாட்டுச் சபைகளின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் மருத்துவப் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். இன்றும் சித்தூரில் ஒருவருக்கு நோய் முற்றினால் 'வேலூருக்குக் கொண்டு போங்கள்' என்பதே முதற்பேச்சு. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் பல மிஷன்கள் ஒன்றுகூடிக் காசநோய் மருத்துவமனை திறந்தன. அங்கே செபமும் இருந்தது, எக்ஸ்ரேயும் இருந்தது. மருந்து அவிசுவாசமானால் இந்த நிலையங்களைக் கட்டியவர்களை என்னவென்பது? ஆகவே ஒரு போதனையைக் கேட்கும்போது, இது நம் சபை இதுவரை நடந்து வந்த வழிக்கு ஒத்ததா என்றும் கேட்க வேண்டும். ஒத்திராவிட்டால் உடனே தள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. லூத்தர் கூட ஒத்திராதவர்தாம். ஆனால் லூத்தர் தம் பெயரை எழுதி, தம் ஊரில் இருந்தே பேசினார்.

காணிக்கை கேட்பது குற்றமா? அன்று. சபைகள் காணிக்கையால்தான் நடக்கின்றன. கணக்குக் காட்டுகிறாரா என்பதே வினா. எங்கள் சபையில் ஆண்டுக்கொருமுறை வரவு செலவு படிக்கப்படும். அரைமணி நேரம் சண்டை நடக்கும். பெஞ்சு பழுது பார்த்த செலவுக்கு ரசீது எங்கே என்று ஒருவர் கேட்பார். அச்சண்டை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்படியானால் எங்கே தேடுவது? தமிழில் பஞ்சமில்லை. சென்னைப் பார்க் டவுனில் உள்ள கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1858-இல் வேறு பெயரில் தோன்றியது. பாடநூல்களில் தொடங்கி, விவிலிய விளக்கங்களும் இறையியல் நூல்களும் வெளியிட்டது. அதை வளர்த்த ஜான் மர்டாக் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் 1865-இல் ஒரு வேலை செய்தார். அதுவரை அச்சில் வந்த தமிழ் நூல்களைத் தேடி வகைப்படுத்திப் பட்டியலிட்டு வெளியிட்டார். கிறிஸ்தவ நூல் மட்டுமன்று, பிற சமய நூல், இலக்கணம், காப்பியம் யாவும் அதில் உண்டு. புதிய நூல் எழுதுமுன் இருக்கும் நூல் எவை என்று அறிய வேண்டும் என்னும் எண்ணம் எவ்வளவு அறிவுடையது! இன்று நம்மிடம் காணொளிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒரு மர்டாக் இல்லை.

மதுரை அரசரடியில் 1969-இல் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் கற்பிக்கிறது, நூல்களும் வெளியிடுகிறது. கத்தோலிக்க நண்பர்கள் திண்டிவனத்து விவிலிய நடுநிலையத்தின் நூல்களை அறிவர். அவர்கள் வீடுகளில் சிற்றலையில் கேட்கப்பட்ட வேரித்தாஸ் வானொலி 2018-இல் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி இணையத்துக்கு மாறிவிட்டது. வத்திக்கானின் செய்திகளும் இணையத்தில் தமிழில் வருகின்றன. பழைய நூல்களுக்கு நம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள். சினாய்ப் படியே 2009 முதல் இணையத்தில் முழுதும் காணக் கிடைக்கிறது. திருப்பதியில் விடுதி அறையில் படுத்துக்கொண்டு நான்காம் நூற்றாண்டின் தோல் ஏட்டை விரல் நுனியில் பெரிதாக்கிப் பார்த்தேன். கிரேக்க எழுத்துத் தெரிந்தால் போதும்; இயற்பியல் படிப்பவனுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்!

கைப்பேசியில் வேதாகமம் இறக்கிக் கொள்வோர் ஒன்றைக் கவனியுங்கள். பல செயலிகளில் 'தமிழ் பைபிள்' என்று மட்டும் இருக்கும். எந்த மொழிபெயர்ப்பு, எவர் உரிமை, எந்த ஆண்டுப் பதிப்பு என்று இராது. அச்சு நூலைத் திறந்தால் முதல் இரண்டு பக்கத்தில் இவை இருக்கும். அப்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நாங்கள் இப்போது ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் படிக்கக் கொடுப்பதே அப்பக்கம்தான். "யாரு அச்சடிச்சா? எப்போ?" என்று ஒரு சிறுமி இப்போது எல்லாப் புத்தகத்துக்கும் கேட்கிறாள், அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நூலுக்கும் கேட்டாளாம்.

கார்வேட்டிநகரத்துப் பேச்சு எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். தெலுங்கு வேதாகமம் தள்ளப்படவில்லை. அதற்கு மாறாகப் பாடம் வாசிக்கும் முறை மாறியது. ஒரு பிள்ளை தெலுங்கில் ஒரு வசனம் வாசிக்கும். ஒரு பாட்டி அதையே தமிழில் வாசிப்பார். வேறுபட்டால் நிறுத்துவார்கள். பெரும்பாலும் வேறுபாடு சொல்லில்தான் இருக்கும், பொருளில் இராது. எல்லைப்புறத்தில் வாழ்வதில் இப்படி ஒரு நன்மை உண்டு. ஒரு மொழி மட்டும் அறிந்த ஊரில், மொழிபெயர்ப்பைத்தான் படிக்கிறோம் என்னும் நினைவே பலருக்கு வருவதில்லை. இங்கே வாரந்தோறும் வருகிறது. இதில் பாட்டிமாரிடமிருந்து சில பிள்ளைகள் தமிழ் எழுத்தையும் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள். நம் மன்றத்தார் அரிச்சுவடி பத்துப் பிரதி அனுப்பினால் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் ஒன்பதாம் வசனம் முதல் இருபதாம் வசனம் வரை தமிழிலும் இருக்கிறது, தெலுங்கிலும் இருக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஐயமே எழாது. ஆனால் சினாய்ப் படியும் வத்திக்கான் படியும் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. பெண்கள் அஞ்சி ஓடினார்கள் என்பதோடு முடிகிறது. பாம்பைப் பிடித்தாலும் நஞ்சைக் குடித்தாலும் சேதமில்லை என்னும் வாக்கு, எட்டாம் வசனத்துக்குப் பின் வரும் பகுதியில்தான் உள்ளது. அதை எடுத்துக்கொண்டு பேசும் காணொளி ஒன்றும் இப்போது சபையில் உலவுகிறது. வரும் மாதம் மாற்கு பதினாறாம் அதிகாரம் வாசிக்க வேண்டும். அடிக்குறிப்புள்ள பதிப்பு ஒன்றைப் போதகர் ஐயா சென்னைக்கு எழுதி வரவழைத்திருக்கிறார்.